கையால் செய்யும் ஹாட் ராட் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒஹையோவில் என் வீட்டு கேரேஜில் 1930ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ கூப் (இரண்டு கதவுக் கார்) ஒன்று ஏழு வருடமாக உருவாகிக்கொண்டிருக்கிறது. படம் அனுப்பும்போதெல்லாம் ஊர் நண்பர்கள் கேட்பது அநேகமாக அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். பாகங்களை வீட்டிலேயே செய்வது பற்றித்தான் இது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது வேறு கதை.

ஹாட் ராட் என்றால் பழைய காரைப் புதுப்பிப்பதுதானே?

இல்லை. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவருவது புதுப்பித்தல். அதில் ஒரு திருகு மாறியிருந்தாலும் குறை சொல்வார்கள். ஹாட் ராட்டில் பழைய உடம்பு மட்டும் மிஞ்சும். எஞ்சின், பிரேக், அச்சு, சில சமயம் கூரையின் உயரம்கூட உரிமையாளர் இஷ்டப்படி மாறும்.

தெற்குக் கலிபோர்னியாவில் முராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள் உண்டு. 1930களில் இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே வேகம் பார்த்தார்கள். 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் உருவாகி, அந்தப் பந்தயங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. 1949இல் யூட்டாவின் பான்வில் உப்புத் தரையில் முதல் வேக வாரம் நடந்தது.

கடையிலேயே எல்லாம் கிடைக்கும்போது ஏன் மெனக்கெட வேண்டும்?

இன்று உண்மையிலேயே எல்லாம் கிடைக்கிறது. இதே ஒஹையோவில் புரூக்வில் என்ற ஊரில் மாடல் ஏ உடம்பையே புதுத் தகட்டில் அச்சடித்து விற்கிறார்கள். பணம் இருந்தால் அட்டவணையைப் பார்த்து ஒரு முழுக் காரையும் வாங்கி அடுக்கிவிடலாம். அதில் தப்பேதும் இல்லை.

ஆனால் இந்தக் கலை பிறந்த காலத்தில் கடை கிடையாது. எட் இஸ்கெண்டேரியன் போருக்குப் பிறகு ஒரு சாதாரண சாணை இயந்திரத்தைத் தானே மாற்றியமைத்துத்தான் கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) தீட்டும் தொழிலைத் தொடங்கினார். பில் பர்க் 1946இல் போர் விமானத்தின் கழற்றி எறியும் பெட்ரோல் தொட்டியையே பந்தயக் காரின் உடம்பாக்கினார். தேவைதான் அவர்களைச் செய்யவைத்தது.

எனக்கும் அப்படித்தான், தேவை இருந்தால் மட்டும் செய்கிறேன். இரண்டு வெவ்வேறு காலத்துப் பொருட்கள் சந்திக்கும் இடத்தில்தான் அந்தத் தேவை வரும். 1930ஆம் ஆண்டு அடிச்சட்டமும் (சேஸிஸ்) 1970களின் எஞ்சினும் சேருமிடத்துக்கு எந்தக் கடையிலும் சரியான பிராக்கெட் இருக்காது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், எந்த வண்டிக்கும் முழுசாகப் பொருந்தாது என்று புரிந்துகொள்ளுங்கள்.

எதையெல்லாம் வீட்டில் செய்யலாம்? எதைத் தொடவே கூடாது?

ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். இது நூறு கிலோமீட்டர் வேகத்தில் உடைந்தால் என்ன ஆகும்? பேட்டரிப் பெட்டி உடைந்தால் வண்டி நிற்கும். டேஷ்போர்டு விரிந்தால் சத்தம் வரும். ஸ்டீரிங் கை (சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கை) உடைந்தால் அடுத்த வளைவு இருக்காது.

டேஷ்போர்டு, தரைத் தகடு, தீச்சுவர் (எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு), பேட்டரிப் பெட்டி, ரேடியேட்டர் தாங்கி, விளக்குத் தாங்கி, எக்ஸாஸ்ட் ஹெட்டர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள்), சீட் சட்டம், பெடல் தாங்கி எல்லாம் செய்யலாம். எஞ்சின் மவுண்டும் (எஞ்சினைச் சட்டத்தில் தாங்கும் பாகம்) செய்யலாம், ஆனால் வெல்டிங் கை நன்றாகப் படிந்த பிறகு. சீட் பெல்ட் மாட்டும் இடத்தை உடம்புத் தகட்டோடு விட்டுவிடாதீர்கள். அடியிலிருக்கும் சட்டம் வரை பலம் போய்ச் சேர வேண்டும்.

ஸ்டீரிங் கை, ஸ்பிண்டில் (முன்சக்கரம் சுழலும் அச்சு முனை), பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), சக்கரம் இவற்றை வாங்குங்கள். உலையில் அடித்து உருவாக்கிய ஸ்டீரிங் கையை வெட்டி நீளமாக்கி வெல்டிங் வைத்தவர்கள் உண்டு. வெல்டிங் பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் அந்த எஃகு என்ன கலவை, எப்படிப் பதம் போட்டது என்று தெரியாமல் சூடாக்கினால், வெல்டிங் பற்றுக்குப் பக்கத்திலிருக்கும் உலோகம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்குப் போய்விடலாம். அழகுக்காகத் துளை போடுவதும் குரோம் பூசுவதும் இதே வகைதான். குரோம் பூச்சுக்காக அமிலத்தில் முக்கும்போது வலுவான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை உடையும் தன்மைக்குக் கொண்டுபோகும். பூச்சு முடிந்த கையோடு அடுப்பில் வைத்துச் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். பூசித்தருபவர் அதைச் செய்தாரா என்று நமக்கு எப்படித் தெரியும்?

தொடங்குவதற்கு என்ன கருவிகள் வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. ஆங்கிள் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், கனமான பிடிப்பான், நல்ல அரம், ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு வெல்டிங் மெஷின். அப்புறம் கிளாம்ப். எத்தனை வாங்கினாலும் இரண்டு குறையும்.

தூக்குக்குண்டைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சட்டத்தின் நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க நான்கு மூலையிலிருந்தும் குண்டு விட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்து, குறுக்கே மூலைக்கு மூலை அளக்கிறேன். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் பார்க்கும் மூலைமட்டம்தான் இது, வேறொன்றுமில்லை.

இங்கிலீஷ் வீல் (தகட்டை உருட்டி வளைப்பது), பீட் ரோலர் (தகட்டில் வரிமேடு எழுப்புவது) போன்றவை பிறகு வாங்கலாம். நான் முதல் மூன்று வருடம் ஒரு மணல் பையும் ஒரு கொட்டாப்புளியும் வைத்தே ஓட்டினேன்.

அட்டையில் வெட்டிப் பார்ப்பது அவசியமா?

இங்குள்ளவர்கள் இதை வைத்து ஒரு பழைய ஜோக் சொல்வார்கள். 'கேட்' (CAD) என்றால் கம்ப்யூட்டர் வரைபடம் இல்லையாம், அட்டை (cardboard) வரைபடமாம். காலி அட்டைப்பெட்டியைக் கத்தரித்து வண்டியில் வைத்துப் பார்த்து, மடித்து, ஒட்டி, மறுபடி கத்தரித்து, ஒத்துவந்த பிறகே தகட்டைத் தொட வேண்டும். மடிப்பு வரும் இடத்தில் தகட்டின் கனம் அளவைக் கொஞ்சம் தின்னும். அதை அட்டை காட்டாது. அதனால் முதல் மடிப்பை எப்போதும் ஒரு கழிவுத் துண்டில் செய்து பார்த்துவிடுவேன்.

அட்டை வேலையைத் தாண்டிக் குதித்து நான் பட்டது கீழே எஞ்சின் மவுண்ட் கேள்வியில் வருகிறது.

தகடு என்ன கனத்தில் வாங்குவது?

உடம்புக்கும் தரைக்கும் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர். டிங்கரிங் பட்டறையில் புதுக்கார் உடம்பைத் தட்டிப் பழகியவர்களுக்கு இது கனமாகத் தோன்றும், ஆனால் மாடல் ஏ உடம்புக்கு இதுதான் ஒத்துப்போகும். சிறு பிராக்கெட்டுக்கு 3 மில்லிமீட்டர். எஞ்சின் மவுண்டுக்கு நான் 6 மில்லிமீட்டர் எடுத்தேன்.

மாடல் ஏயின் சட்டம் திறந்த 'ப' வடிவம். 40 குதிரைத் திறன் எஞ்சினுக்காகச் செய்தது. அதில் வி-8 எஞ்சினை உட்காரவைத்தால் முறுக்கிக்கொள்ளும். அதனால் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவார்கள். அதற்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும். இதைவிடக் கனமாகப் போட்டால் பலம் கூடுவதைவிட எடைதான் கூடும்.

மிக் வெல்டிங்கா, டிக் வெல்டிங்கா?

மிக்கில் கம்பி தானாக வந்து உருகும்; டிக்கில் ஒரு கையில் சுடர்முனை, மறுகையில் கம்பி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மிக். ஒரே வாரத்தில் கை பழகிவிடும், சட்ட வேலைக்குப் போதும். 75 பங்கு ஆர்கானும் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, மெல்லிய தகட்டுக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பி.

உடம்புத் தகட்டுக்கு டிக் நல்லது. மிக் விடும் பற்று கடினமாக இருக்கும், சுத்தியலுக்கு அடங்காது, அரைத்துத்தான் எடுக்க வேண்டும். டிக் பற்றும் கேஸ் வெல்டிங் பற்றும் மென்மையானவை. பின்னால் டாலி (கைக்கு அடக்கமான இரும்புக் கட்டை) வைத்துத் தட்டினால் தகட்டோடு தகடாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. வெல்டிங் வைக்கும் இடத்தை பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க் வெளிச்சத்தில் ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. அசிட்டோன் எடுத்துத் துடையுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். துத்தநாகம் பூசிய போல்ட் மேல் பற்றுவைப்பதும் வேண்டாம். அன்றிரவே குளிர்ஜுரம் வரும்.

வெல்டிங் வைத்ததும் தகடு அப்பளம் மாதிரி நெளிகிறதே?

அவசரம்தான் காரணம். சூடான உலோகம் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்திலிருப்பதை இழுக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே மூச்சில் கோடு இழுத்தால் நெளியாமல் என்ன செய்யும்? ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்மூலையில், மூன்றாவது நடுவில். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த புள்ளி. இடைவெளியைப் பாதிபாதியாக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். தீச்சுவரின் ஓரத்தைச் சுற்றிப் பற்றுவைக்க எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. பெரும்பாலான நேரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தைப் பெட்டியாக்கும்போதும் இதே விதிதான். அங்கே நெளிந்தால் இன்னும் மோசம், கார் முழுக்கக் கோணலாகிவிடும். ஹெட்டரின் ஃபிளாஞ்சை (எஞ்சினோடு சேரும் தட்டை) எஞ்சினிலோ கனமான இரும்புக் கட்டையிலோ போல்ட் போட்டு இறுக்கிவிட்டுத்தான் குழாயைப் பற்றவைக்க வேண்டும்.

தட்டையான தகட்டை வளைவான உடம்பாக்குவது எப்படி?

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரே திசையில் வளைப்பது எளிது. தகட்டைக் குழாய் மேல் வைத்துக் கையால் அழுத்தினாலே வந்துவிடும். இரண்டு திசையிலும் வளைய வேண்டும் என்றால், அதாவது ஒரு கிண்ணத்தின் வயிறு மாதிரி வர வேண்டும் என்றால், நடுவில் உலோகம் விரிய வேண்டும், அல்லது ஓரத்தில் சுருங்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடையாது. எந்தப் பாகத்தைப் பார்த்தாலும், இது எங்கே விரிந்திருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது என்று படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விரிப்பதற்கு மணல் பை. தோல் பையில் மணலை இறுக்கி நிரப்பி, மேலே தகட்டை வைத்து, உருண்டை முனைக் கொட்டாப்புளியால் நடுவிலிருந்து வட்டமாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். முதலில் பார்க்கச் சகிக்காது, பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும். பிறகு இங்கிலீஷ் வீலில் இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டினால் மேடுகள் அடங்கிச் சமமாகும். ஓரத்தைச் சுருக்க, ஓரத் தகட்டில் முறுக்கி ஒரு மடிப்பு எழுப்பி, அந்த மடிப்பு தப்பித்து ஓடாமல் நுனியிலிருந்து உள்நோக்கித் தட்டி அமுக்கிவிட வேண்டும். மடிப்பிலிருந்த உலோகம் தனக்குள்ளேயே அடங்கி ஓரம் கனமாகும். பாத்திரக்காரர் தெருவில் குடத்தின் கழுத்தைத் தட்டிச் சுருக்குவதைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தகட்டு வேலைக்காரர். நான் தட்டுவதைக் கண்ணால் பார்க்க மாட்டார். திரும்பி நின்று சத்தத்தைக் கேட்டே, 'டாலி விலகிவிட்டது' என்பார்.

அலுமினியம் வளைக்கும்போது விரிசல் விடுகிறது, ஏன்?

பெரும்பாலும் தப்பான கலவையை வாங்கியிருப்பீர்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 6061-டி6. கடைந்தெடுக்கும் பிராக்கெட்டுக்கு அருமையானது, மடித்தால் வெடிக்கும். பானெட் ஓரம், டேஷ்போர்டு போன்றவற்றுக்கு 3003-எச்14 வாங்குங்கள்.

அதுவும் தட்டத் தட்டக் கடினமாகும். அப்போது பதம் இறக்க, அதாவது சூடுகாட்டி மறுபடி மென்மையாக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் இரும்பு மாதிரி சிவக்காது. நன்றாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே 660 டிகிரியில் சட்டென்று உருகிக் கீழே விழும். அதற்குப் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் இல்லாமல் அசிட்டிலினை மட்டும் எரித்துத் தகடு முழுக்கக் கரி படியவிடுவார்கள். பிறகு ஆக்சிஜனைத் திறந்து, சரியான சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீசுவார்கள். கரி எரிந்து மறையும் சூட்டில் தகட்டின் பதம் இறங்கியிருக்கும். கரி போன இடத்தில் மறுபடி சுடரைக் காட்டக் கூடாது.

எஞ்சின் மவுண்ட் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

எனக்குக் கிடைத்தது செவ்ரோலேயின் 350 கன அங்குல வி-8. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பின்பக்கம் இருக்கிறது. மாடல் ஏயின் தீச்சுவர் அதற்கு இடம் தராது, அதனால் சுவரை வெட்டி உள்ளே தள்ளினேன். ஃபோர்டின் 302 கன அங்குல எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கும், ஆனால் அதன் ஆயில் தொட்டியின் பள்ளமும் முன்பக்கம் வந்து குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். ஏதாவது ஒன்று எப்போதும் இடிக்கும்.

நான் எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, ரசமட்டம் பார்த்து, மவுண்டுகளைப் பற்றவைத்து, பெருமையோடு படமெல்லாம் எடுத்தேன். ஸ்டீரிங் பெட்டியை மாட்டும்போதுதான் விஷயம் புரிந்தது. ஷாஃப்ட் போக வேண்டிய இடத்தில் இடதுபக்க எக்ஸாஸ்ட் ஹெட்டர் உட்கார்ந்திருந்தது. ஒரு அட்டைக் குழாயை வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. மவுண்டை அரைத்தெடுத்து எஞ்சினைச் சற்று வலப்பக்கம் நகர்த்த மூன்று வாரம் போயிற்று.

எனவே மவுண்டுக்கு முன்னால் ஹெட்டர், ஸ்டீரிங் பெட்டி, ரேடியேட்டர், விசிறி, பெடல், கியர்பெட்டி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் பின்பக்கமாகச் சுமார் 3 டிகிரி தாழ்ந்திருந்தால் கார்புரேட்டர் மட்டமாக நிற்கும், இன்டேக் மேனிஃபோல்டை அப்படித்தான் செய்திருப்பார்கள். பின் அச்சின் பினியன் (எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுவரும் ஷாஃப்ட் போய்ச் சேரும் பற்சக்கரம்) அதே 3 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் இணையாக இருந்தால் அந்த ஷாஃப்டின் ஒரு முனையிலுள்ள யூனிவர்சல் ஜாயின்ட் (மடங்கும் மூட்டு) உண்டாக்கும் ஆட்டத்தை மற்றது தின்றுவிடும். இல்லையென்றால் வேகம் ஏறும்போது கார் உறுமுவதற்குப் பதில் நடுங்கும்.

பிரேக் பெடல் நானே செய்யலாமா?

செய்யலாம், கணக்குப் பார்த்து. பூஸ்டர் (காலின் அழுத்தத்துக்குத் துணைபோகும் பாகம்) இல்லாத பிரேக்குக்கு நெம்புகோல் விகிதம் 6க்கு 1 அளவில் வேண்டும். பூஸ்டர் இருந்தால் 4க்கு 1 போதும். ஹாட் ராட்டில் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பாகம்) தரைக்கு அடியில் இருக்கும், காலிப்பரைவிடத் தாழ்வாக. அதனால் எண்ணெய் திரும்பி வழியாமல் தடுக்க வால்வு வைக்க வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வால்வு, டிரம் பிரேக்குக்கு 10 பிஎஸ்ஐ. மாற்றி வைத்தால் டிஸ்க் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பிரேக் குழாய் 3/16 அங்குல எஃகு, முனையில் 45 டிகிரி இரட்டை மடிப்பு. செம்புக் குழாய் கூடாது. நசுக்கி இறுக்கும் பிளம்பிங் இணைப்பும் கூடவே கூடாது.

கூரையை வெட்டித் தாழ்த்துவது எவ்வளவு கஷ்டம்?

மாடல் ஏ என்றால் பயப்பட வேண்டாம். தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கும், கண்ணாடியும் தட்டை. 75 மில்லிமீட்டர் எடுத்தால் மேல்பாதி கீழ்பாதியோடு ஏறக்குறைய சேர்ந்துவிடும். 1949 மெர்குரி மாதிரி சாய்ந்த தூண்கள் உள்ள காரில் கூரையைக் கீழே இறக்கியதும் ஒன்றும் ஒன்றோடு சேராது. கூரையையே நீளமும் அகலமுமாக வெட்டிப் பரப்ப வேண்டிவரும்.

வெட்டுவதற்கு முன் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் குழாய் வைத்து டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) அடித்துவிடுங்கள். கதவுகளை மாட்டிய நிலையிலேயே அளவு எடுங்கள். கண்ணாடியைப் பொறுத்தவரை லேமினேட் வகையை வெட்டலாம், டெம்பர்டு வகையை வெட்ட முடியாது. வெட்டினால் சர்க்கரையாகக் கொட்டும்.

பட்டி பார்ப்பதா, ஈயம் வைப்பதா?

தகட்டின் மேடுபள்ளத்தை நிரப்ப இன்றைய பட்டி நன்றாகவே இருக்கிறது, மெல்லிசாக வைத்தால். விரல்கனத்துக்கு அப்புவதுதான் பிரச்சினை. அது தகட்டு வேலையின் சோம்பேறித்தனத்தை மறைப்பதற்கு.

ஈயம் பழைய முறை. காரீயம் 70, வெள்ளீயம் 30. இந்தக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கி, முழுதாக உருகுவதற்கு 250ஐத் தாண்ட வேண்டும். நடுவில் வெண்ணெய் மாதிரி ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் எண்ணெய் தடவிய மரக்கரண்டியால் தேய்த்துப் பரப்புவார்கள். முதலில் தகட்டுக்கு மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவாரே, அதேதான். ஆனால் இதில் இருப்பது காரீயம், விஷம். அரத்தால் சீவுங்கள், தூள் பறக்கும்படி கிரைண்டர் வைக்காதீர்கள், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். கதவு ஓரங்களுக்கு நான் ஈயம் வைத்தேன், மற்ற இடத்துக்குப் பட்டி.

இப்படி ஒரு காரைப் பதிவு செய்ய விடுவார்களா?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. கலிபோர்னியாவில் வீட்டில் கட்டிய வண்டிகளுக்குப் புகைச் சோதனையில் சலுகை உண்டு, ஆனால் ஆண்டுக்கு முதல் 500 வண்டிகளுக்கு மட்டும். எந்த மாநிலமானாலும் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எஞ்சின் யாருடையது என்று கேட்பார்கள்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வடிவத்திலிருந்து வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சாலையில் ஓட்டும் ஆசையை விட்டுவிட்டுத் தகட்டு வேலையை மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

எப்போது பெயின்ட் அடிப்பது?

முழுக் காரையும் பெயின்ட் இல்லாமலே ஒருமுறை பூட்டி முடியுங்கள். அப்படியே சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். எது உரசுகிறது, எங்கே எண்ணெய் கசிகிறது, எந்த பிராக்கெட்டில் மயிரிழை விரிசல் என்று எல்லாம் வெளியே வரும். பிறகு மொத்தமாகப் பிரித்து, விரிசலைச் சரிசெய்து, பெயின்ட் அடித்து மறுபடி பூட்ட வேண்டும்.

என் கார் இரண்டு கோடைகாலமாக பிரைமரோடுதான் ஓடுகிறது. வலதுபக்கக் கதவு இன்னும் ஒரு இடத்தில் லேசாக உரசுகிறது. என்ன நிறம் என்று மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள்.